சாக்கடைக்கு முறை வைத்த தெரு: நாகர்கோவிலில் ஒரு வாரம்

நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் சுசீந்திரம் கோயிலைப் பார்ப்பார்கள். அப்படியே கன்னியாகுமரிக்குப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த மாசி மாதம் நான் அங்கே ஒரு வாரம் இருந்தேன். கோயிலையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு பழைய சாக்கடைக் குழாய். அதைப் பற்றி யாரும் பயணக் கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெண்பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். குழாய்ச் சாக்கடை போட்டிருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவலாம்.

போன காரணம் என் தங்கை ரேச்சல். அவள் அங்கே விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்பு படிக்கிறாள். விடுதிக் கிணற்றில் சாக்கடைத் தண்ணீர் கசிந்து, மூன்று பிள்ளைகள் வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கிணறு சரியாகாவிட்டால் விடுதியை மூடிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். பரீட்சைக்கு நான்கே வாரம். மார்த்தாண்டம் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அப்பா இதைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டார்.

"நீ போயி அவளக் கூட்டிட்டு வா. இனி படிச்சது போதும். ஒரு நல்ல இடம் கேட்டு வந்திருக்கு."

எங்கள் குடும்பத்தில் படிப்பின் நடுவே வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை திரும்பிப் படிக்கப் போனதில்லை. நான் பி.ஏ. வரை போனதே ஒவ்வொரு லீவு முடிவிலும் என் ஆசிரியை ஒருவர் என்னைத் திரும்ப அனுப்பச் சொல்லி எங்கள் கடை வாசலில் வந்து நின்றதால்தான். ரேச்சலுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அவளைக் கூட்டிவரப் புறப்பட்டவளும் நானேதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினேன். நாகர்கோவிலுக்கு இருபது மைல். டிக்கெட் திருவிதாங்கூர்க் காசில் பத்துச் சக்கரம். பெண்களுக்கு டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் பெஞ்சு. வெயில் படாமல் இருக்க வலது ஓரமாக உட்காருங்கள், தக்கலை வரை நிழல் கிடைக்கும். தக்கலையில் கால் மணி நேரம் நின்றது. வில்லுக்குறியில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற மறுபடியும் நின்றது. வடக்கே வேளிமலை பனி கலைந்து தெளிவாகத் தெரிந்தது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். மாசியில் வரும் கும்பப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது.

"எங்க மக்களே, நாரோயிலுக்கா? ஒத்தைக்கா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"விடுதியில படிக்க தங்கச்சியக் கூட்டிட்டு வரப் போறேன்."

"பரீட்சைக்க நேரத்திலயா?"

பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

ஒன்பதரை மணிக்கு நாகர்கோவில். பஸ் நிற்கும் இடத்திலிருந்து விடுதிக்கு நடந்தே போகலாம், முக்கால் மைல்தான். தெருவுக்குள் நுழைந்ததும் தாரும் சேறும் கலந்த வாடை வந்தது. தெருவின் நடுவே நீளமாகக் குழி வெட்டியிருந்தார்கள். விடுதி வாசலில் ரேச்சல் நின்றாள்.

"ஏக்கா, வந்தியா? நீயா வந்தியா, அப்பா சொல்லி வந்தியா?"

"அப்பா சொல்லித்தான்."

"அப்ப நீ மட்டும் போ" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

விடுதி மேட்ரன் நல்லவர், ஆனால் நயமாகப் பேசத் தெரியாதவர். "ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறு. அதுக்குள்ள கிணறு தெளிஞ்சா பிள்ளைகள் இரிக்கும். இல்லேன்னா நீ மட்டுமில்ல, நாப்பது பிள்ளைகளுக்க வீட்டுக்காரங்களும் வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றார். ஞாயிறு வரை ஆகும் என்று மாலை பஸ் கண்டக்டர் மூலம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்பா சொன்னதை நான் தள்ளிப்போட்டது அதுவே முதல் தடவை.

குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டில் ஆஸ்பத்திரி. அதற்குக் கீழே இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள் உள்ள இந்தத் தெரு. தெருவின் கீழ்க்கோடியில் விடுதியும் அதன் கிணறும். அதற்கும் கீழே ஒரு தென்னந்தோப்பில் கழிவு தேங்கித் தெளியும் தொட்டி. இவை எல்லாவற்றையும் இணைத்துத் தரைக்கடியில் ஓடுகிறது குழாய். ஆஸ்பத்திரி கட்டிய காலத்தில், குளச்சலில் கப்பலிலிருந்து இறக்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார்களாம். மெருகு ஏற்றிய சுட்டமண் குழாய். ஒன்றின் வாயில் மற்றதைச் செருகி, தார் தோய்த்த சணலைத் திணித்து, மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள். குழாய் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. மூட்டுகள்தான் விட்டுப்போயின. தோண்டி எடுத்த ஒரு மூட்டுக்குள் தென்னை வேர் தலைமுடிபோலச் சுருண்டு அடைத்திருந்தது.

வேலையைப் பார்த்தவர் ஓவர்சியர் தாணுமாலயன். நாற்பது வயது இருக்கும். உரத்த குரல், ஒரு பழைய தொப்பி. ஆட்கள் குழாய்க்கு இறங்கும் குழியின் மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே நச்சுக் காற்று, ஒருவரும் இறங்கக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் இரண்டு பேர். தெருவில் அவர்களுக்குச் செம்பை உயர்த்திப் பிடித்துத்தான் தண்ணீர் ஊற்றினார்கள். விடுதியில் தம்ளரில் கொடுத்தார்கள். கண்டதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை புகைச் சோதனை. குழாயின் இரு முனைகளையும் களிமண்ணால் அடைத்துவிட்டு, மேல்முனையில் ஒரு துளை விட்டு, கொல்லன் துருத்தியை வைத்துப் புகையை உள்ளே ஊதுவது. ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை வரும். புகைக்கு நம் ஊர்க் கதம்பைதான், தேங்காய் உரித்த மட்டை. அதை நனைத்துப் போட்டால் எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். துருத்தி ஊதத் தொடங்கியதும் விடுதிக் கிணற்றோரம் மண்ணிலிருந்து புகை வந்தது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு தெருவின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு வீட்டு முற்றத்திலிருந்தும், செடிக்கு அடியிலிருந்தும் அம்மிக்குப் பக்கத்திலிருந்தும் புகை எழும்ப ஆரம்பித்தது.

கீழிருந்து ஐந்தாவது வீட்டிலிருந்து பகவதியம்மாள் ஓடிவந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். குரலும் அதற்கேற்றது.

"ஏலே, எவம்லே எனக்க துவைகல்லுக்கு அடியில தீ வச்சது?"

"தீ வச்சது நானு. ஓட்ட வச்சது யாரு?" என்றார் ஓவர்சியர்.

தெருவே சிரித்தது. அந்த அம்மாள் அசரவில்லை. "மழ பெய்தா முற்றத்துத் தண்ணிய மடியிலயா கட்டுவேன்? ஒரு மடை வெட்டி விட்டேன். பெரிய வெள்ளம் பாஞ்சாத்தானே உள்ள உள்ளதெல்லாம் கழுவிப் போவும்? கால்வாயில அப்படித்தானே?"

"கால்வாய் மேல தொறந்து கிடக்கு. மண்ணு அடஞ்சா எறங்கி வாருவிய. இதுக்குள்ள எறங்குவியளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது வயல்காரர்களின் தெரு. தண்ணீர் என்றால் மடை வெட்டித் திருப்பிவிடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். மழைக்கு மழை எல்லாரும் முற்றத்து வெள்ளத்தைக் குழாய்க்குள் திருப்பியிருக்கிறார்கள், அதுவும் நல்லது செய்வதாக நினைத்து. வெள்ளத்தோடு மணலும் போய் அடியில் படிந்தது. வீட்டுக் கழிவுக்காகப் போட்ட சிறு குழாய் மழைநீரில் நிரம்ப, கழிவு பலவீனமான மூட்டுகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அப்படி வெளியே வந்த இடங்களில் ஒன்று கிணற்றோரம். அன்று சாயங்காலத்துக்குள் எல்லா மடைகளையும் அவரவரே அடைத்துவிட்டார்கள். பகவதியம்மாள் தன் மடையை அடைத்ததோடு, எதிர்வீட்டு மடை சரியாக அடைபட்டிருக்கிறதா என்றும் போய்ப் பார்த்தார்.

புதன்கிழமை வேலை நின்றுவிட்டது. புது மூட்டில் சிமெண்டு பூசினால் இறுகுவதற்குள் மேலேயிருந்து யாராவது தண்ணீர் விடுகிறார்கள். பூசியதெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. மூன்று தடவை பூசி மூன்றும் போயிற்று. ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி மண்மேட்டில் எறிந்தார்.

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சொட்டுத் தண்ணி வரப்பிடாது. இந்தத் தெருவில அது நடக்குமா? மேட்ரனம்மா, இன்னொரு வாரம் தரச் சொல்லுங்க."

"டாக்டரம்மா ஞாயிறுன்னா ஞாயிறுதான்" என்றார் மேட்ரன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ரேச்சல் மாடி ஜன்னலிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கணக்குப் புத்தகம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முறை வையும் ஓய்" என்றார் பகவதியம்மாள், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் குளத்தில் தண்ணீர் குறைந்தால் மேல்வயலுக்கு ஒரு நாள், கீழ்வயலுக்கு ஒரு நாள் என்று முறை வைப்பார்கள். முறை இல்லாத நாளில் யாரும் மடையைத் திறக்கக் கூடாது.

"அது வேணும்னு கேக்குற தண்ணி. இது வேண்டாம்னு விடுற தண்ணி" என்றார் ஓவர்சியர்.

"மடை ரெண்டுக்கும் ஒண்ணுதான். மேல்வீடு ஒரு நாளு நிறுத்தட்டும், கீழ்வீடு ஒரு நாளு நிறுத்தட்டும். கழுவுற தண்ணிய எல்லாம் தென்னை மூட்டுல ஊத்தினா மரமாவது காய்க்கும்."

ஓவர்சியர் கொஞ்ச நேரம் மண்ணில் கோடு போட்டுப் பார்த்தார். மேல்பாதியில் வேலை நடக்கும் வியாழக்கிழமை மேல்வீடுகள் நிறுத்த வேண்டும். கீழ்ப்பாதியில் வேலை நடக்கும் வெள்ளிக்கிழமை கீழ்வீடுகள். ஆஸ்பத்திரியை நிறுத்த முடியாது. அங்கிருந்து வருவதையும், வெள்ளிக்கிழமை மேல்வீடுகளிலிருந்து வருவதையும், வேலை நடக்கும் இடத்துக்கு மேலே மண் அணை கட்டித் தேக்கி, வாளியால் கோரிப் பீப்பாய் வண்டியில் ஏற்றித் தோப்புத் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். காலையில் பள்ளிக்கூட மணி அடித்தால் முறை ஆரம்பம், மறுநாள் காலை மணிக்கு முடிவு.

ஆனால் யார் வீடு வீடாகப் போய்ச் சொல்வது? ஓவர்சியர்மேல் எல்லாருக்கும் புகைக் கோபம். பகவதியம்மாளுக்குப் பாதித் தெருவோடு பேச்சுவார்த்தை இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ பி.ஏ.லா பிள்ளே? போய்ப் பேசு" என்றார் பகவதியம்மாள்.

நான்கு வருஷம் கல்லூரியில் ஒரு கேள்விகூடக் கேட்காமலே தேறியவள் நான். முதல் வீட்டு வாசலில் நின்று எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. உங்கள் சாக்கடையைப் பற்றிப் பேச வந்தேன் என்று அறிமுகமில்லாத வீட்டில் எப்படிச் சொல்வது? மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு தாலுகாப் பேச்சிலேயே குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "கொஞ்சம் வெள்ளம் தரியளா?" என்றேன்.

"விளவங்கோட்டுப் பிள்ளையா? பேச்சே சொல்லுகு" என்று சிரித்தபடி ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "விடுதிக் கிணத்தைப் பூட்டியாச்சுல்லா, பாவம்."

அதையே பிடித்துக்கொண்டேன். கிணறு ஏன் கெட்டது, எப்படிச் சரியாகும், அதற்கு அவர் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டிலும் தண்ணீரே கேட்டேன். ஆறாவது வீட்டுக்குள் வயிறு நிரம்பிவிட்டது. அந்த நேரம் ரேச்சல் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள்.

"என்னட்டி இங்க?" என்றேன்.

"நீ பேசு. நான் குடிக்கேன்."

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் தெருவை முடித்தோம். மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. முணுமுணுத்தவர்கள் உண்டு. இந்த ஊரில் முறை என்று ஒரு சொல் சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வியாழன் ஒழுங்காகப் போயிற்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓவர்சியரின் கூச்சல். கிணற்றோர மூட்டின்மேல், அதுதான் முக்கியமான மூட்டு, சோப்பு நுரை வந்துகொண்டிருந்தது. இன்று போனால் இன்னொரு நாள் இல்லை. ஒவ்வொரு வீடாக ஓடிப் பார்த்தோம். பகவதியம்மாளின் கணவர் அறுவடைக் களத்திலிருந்து வந்து, உடம்பெல்லாம் அரிக்கிறதென்று குளித்துக்கொண்டிருந்தார்.

"குளிக்கதுக்குமா முறை?" என்றார் அவர்.

பகவதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "வயல்ல எவனாவது முறை தப்பித் தண்ணி களவெடுத்தா மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுவாரு. இங்க களவாத் தண்ணி விட்டுட்டு நுரையோட நிக்காரு பாருங்க!"

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. முறை தப்பியவன் அன்றைய பொழுது முழுவதும் மடைக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வயல் வழக்கமாம். யாரும் சொல்லாமலே அவர் தலைகூடத் துவட்டாமல் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, குழியோரம் உட்கார்ந்தார். ஆட்கள் மூட்டைச் சுரண்டித் துடைத்துப் புதிதாகச் சணல் திணித்துப் பூசினார்கள். அதன்பிறகு அந்தத் தெருவில் ஒருவர் கை கழுவினால்கூட அவர் எழுந்து நின்று பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஒரு மூடிக்குள் விளக்கையும் அடுத்த மூடிக்குள் சாய்த்துப் பிடித்த கண்ணாடியையும் இறக்கினார்கள். ஓவர்சியர் என்னையும் ரேச்சலையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் ஒரு முழு வட்டம் வெளிச்சம். எங்கும் மணல் மேடு இல்லை, வேர் இல்லை. தரைக்கடியில் இவ்வளவு நேரான ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. விடுதிக் கிணற்றை முந்திய நாளே இறைத்து, மருந்து போட்டு, மறுபடியும் இறைத்திருந்தார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வந்து குழாய்க்குள் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினார். குழாய் கசிந்தால் கிணறு பச்சையாகும். ஊர் விட்டுப் போவதற்கு ரேச்சல் ஒரு துணிகூட மடிக்கவில்லை. நானும் மடிக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்றோம். பகவதியம்மாளும் கணவரும் குளித்து, விபூதி பூசி வந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரு வாளி இறைத்து, கண்ணாடித் தம்ளரில் மொண்டு, மேட்ரனின் வெள்ளைச் சேலைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது வாளி. மூன்றாவது வாளி.

"பச்சை இல்லை" என்றார். "இரண்டு வாரம் கொதிக்கவைத்துக் குடியுங்கள். வாரம் ஒருமுறை நான் வந்து பார்ப்பேன். விடுதி நடக்கட்டும்."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காக்கைகள் எழும்பிவிட்டன. ரேச்சல் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். "நாளைக்குக் கணக்கு டெஸ்டு" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். நான் டாக்டரம்மாவிடம் போய், தோப்புத் தொட்டிக்குப் பக்கத்தில், குழிக்குள் இறங்கிய அந்த இரண்டு வேலையாட்கள் குடியிருக்கும் இடத்துக் கிணற்றையும் இதுபோலப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை பார்ப்பதாகச் சொன்னார். யாரும் அனுப்பாமல் நானாகப் போய்ப் பேசியது அது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தனியாகப் போகும் பெண்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் போவது நல்லது, கூட்டம் குறைவு. திரும்ப மாலை நாலு மணி பஸ். விடுதியில் பார்வையாளர் அறை உண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது சாப்பாட்டையும் படுக்கையையும் பார்ப்பதோடு, கிணறு எங்கே, சாக்கடை எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் குழாய்ச் சாக்கடை இருந்தால் மழைத் தண்ணீரை அதற்குள் திருப்பாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கதம்பைப் புகை போட்டுப் பாருங்கள். செலவு சொற்பம், பார்ப்பதற்கும் வேடிக்கை. தரைக்கடியில் கிடப்பதை யாரும் நினைப்பதில்லை. நினைத்துக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால், அது இன்னும் நெடுநாள் உழைக்கும் என்று ஓவர்சியர் சொல்கிறார். அந்தத் தெருக்காரர்கள் சித்திரையில் ஒரு நாள் கூடி மூடிகளைத் திறந்து மணல் வாருவதென்று முடிவு செய்திருக்கிறார்கள், கால்வாய்க்குச் செய்வதுபோலவே.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு நான் மட்டும் மார்த்தாண்டத்தில் இறங்கினேன். அப்பா கடையில் விளக்கு ஏற்றிவைத்து மிளகு அளந்துகொண்டிருந்தார்.

"அவ எங்க?"

நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அப்பாவிடம் அவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், கதம்பையை நனைத்துப் போட்டார்களா காய்ந்ததாகவா என்று. நனைத்து என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு ஆள் வந்து உப்பு கேட்டார், அளந்து கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பரீட்ச முடிஞ்சு அவளுக்கு மேல என்ன படிக்கணுமாம்?"

எனக்குத் தெரியவில்லை. அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்கூட. மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கேள்வியைச் சொல்லி அனுப்பினேன். பதில் வாங்கச் சாயங்கால பஸ்ஸுக்கு அப்பாவே போய் நின்றார்.